கோடிங் கற்க நேர்வழி: முதலில் வாசி, பிறகு எழுது

இந்த மூன்று வரி நிரலைப் பாருங்கள்:

அ = 5
ஆ = அ
அ = 9

பைத்தான் மொழியில் இதை இப்படியே தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்யலாம். 2008-இல் வெளியான பைத்தான் 3 முதல், மதிப்புகளைக் குறிக்கும் அ, ஆ போன்ற மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க முடிகிறது. மூன்று வரிகளும் நிறைவேறியபின் ஆ-வின் மதிப்பு என்ன? மேலே படிப்பதற்கு முன் ஒரு விடையை முடிவு செய்துகொள்ளுங்கள்.

விடை 5. கணக்குப் பாடத்தில் பழகிய சமக்குறியை நினைத்துக்கொண்டவருக்கு 9 என்று தோன்றியிருக்கும். அ-வும் ஆ-வும் சமம் என்று ஒருமுறை சொன்னால் கணக்கில் அது கடைசிவரை சமம்தான். கணினிக்கு அந்தக் குறி ஒரு கட்டளை: வலப்பக்கம் இருப்பதை இப்போதே கணக்கிடு, கிடைத்த மதிப்புக்கு இடப்பக்கத்துப் பெயரை வை. இரண்டாம் வரியில் அ-வின் மதிப்பு 5. அந்த 5-க்கு ஆ என்ற பெயரும் சேர்ந்தது. அதற்குப் பிறகு அ என்ன ஆனாலும் ஆ-வை அது பாதிக்காது.

ஆசிரியர் இல்லாமல், வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்துவைத்துக் கோடிங் கற்க உட்காருபவர்கள் முதலில் கேட்பது வேறு: எந்த மொழி, எந்த யூடியூப் சேனல், எந்தக் கோர்ஸ்? நிரலாக்கத்தை மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் ஆராய்ச்சி வேறொரு கேள்வியை முன்னால் வைக்கிறது: திரையில் உள்ள வரிகளைப் பார்த்ததும் உங்கள் மனதில் ஓடுவதும் இயந்திரத்தில் ஓடுவதும் ஒன்றுதானா? ஒன்றாக இருந்தால் எந்த மொழியும் வசப்படும். இல்லாவிட்டால் எத்தனை கோர்ஸ் முடித்தாலும் வெற்றுத் திரைக்கு முன்னால் கை ஓடாது.

மனதுக்குள் ஓர் இயந்திரம்

புதிதாக நிரல் எழுதுபவர்களின் சிக்கல்களை 1980-களில் நுணுகி ஆராய்ந்தவர்களில் ஒருவர் பிரிட்டனின் பெனடிக்ட் டு புலே. ஒரு கணினி மொழியின் சொற்களும் விதிகளும் தெரிந்தால் போதாது. அந்த வரிகளை நிறைவேற்றும் இயந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்ற மனச்சித்திரமும் வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. சில்லுக்குள் மின்சாரம் ஓடும் விதம் இங்கே தேவையில்லை. எந்த வரி எப்போது நிறைவேறும், எந்தப் பெயருக்கு இந்த நொடியில் எந்த மதிப்பு, அடுத்து எந்த வரிக்குப் போகும் என்ற அளவு தெளிந்தால் போதும்.

இந்தச் சித்திரம் கோணலாகிப்போவது மிக எளிது. மாறி என்பது மதிப்பை வைக்கும் பெட்டி என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. பெட்டி என்றதும், அதில் இரண்டு பொருள்கள் இருக்கலாமே என்று கற்பவர் எண்ணுகிறார். அ-வில் 5 இருக்கும்போது 9-ஐப் போட்டால் இரண்டும் உள்ளே இருக்கும் என்று கொள்கிறார். ஒரு பெட்டியிலிருந்து எடுத்து மற்றொன்றில் வைத்தால் முதல் பெட்டி காலியாகும் என்றும் நினைக்கிறார். இரண்டும் தவறு: புதிய மதிப்பு வந்தால் அந்தப் பெயருக்குப் பழைய மதிப்பு இல்லை, ஒரு மதிப்பை எடுத்துப் பயன்படுத்துவதால் மூலம் காலியாவதும் இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் ராய் பீ 1986-இல் இதைவிட ஆழமான ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார். எந்த மொழியைக் கற்றாலும் அது தலைகாட்டும் என்றார். கணினிக்குள் ஒரு மனம் ஒளிந்திருக்கிறது, நாம் சொல்லவந்ததை அது எப்படியோ புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கைதான் அது. மாறி ஒன்றுக்கு 'பெரியது' என்று பெயர் வைத்துவிட்டால், பட்டியலில் உள்ள பெரிய எண் தானாக அதில் வந்து சேரும் என்று புதியவர் எதிர்பார்க்கிறார். கணினிக்கு அந்தப் பெயர் வெறும் அடையாளம். அதற்கு 'யானை' என்று பெயர் வைத்தாலும் நிரல் அதே விதமாகத்தான் ஓடும். மனிதர்களிடம் பேசிப் பழகிய நமக்கு, எதிரே இருப்பது எழுத்துக்கு எழுத்து மட்டுமே கேட்கும் ஒன்று என்பது எளிதில் மனதில் பதிவதில்லை.

நினைவு தாங்கும் சுமை

இன்னொரு தடை நம் மூளையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கக்கூடிய தகவல்கள் ஏறத்தாழ 7 என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். பிற்கால ஆய்வுகளைத் தொகுத்த நெல்சன் கோவன், 4 என்பதே உண்மைக்கு நெருக்கம் என்று 2001-இல் வாதிட்டார். இப்போது, சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் ஒன்றை முதன்முதலாக எழுதுபவரை நினைத்துப் பாருங்கள். கேட்கப்பட்ட கணக்கு என்ன, லூப் எத்தனை முறை சுற்றும், கூட்டுத்தொகை இப்போது எவ்வளவு, எப்போது நிற்கும், முக்காற்புள்ளி எங்கே வரும், வரியை எவ்வளவு உள்தள்ளி எழுத வேண்டும் என்று எல்லாவற்றையும் அவர் ஒன்றாகச் சுமக்க வேண்டும். நான்கு இடத்தில் ஆறேழு பொருள். எதுவோ ஒன்று நழுவத்தான் செய்யும். அது அறிவுக் குறைவில்லை.

அனுபவசாலிகளுக்கு மட்டும் எப்படி முடிகிறது? அவர்களுடைய நினைவு பெரியதாக இருப்பதால் அன்று. 1981-இல் கேத்தரின் மெக்கீதன் குழுவினர் நிரலர்களிடம் ஒரு நிரலைக் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஒழுங்கான நிரலைத் தேர்ந்தவர்கள் மிக நன்றாக நினைவுகூர்ந்தார்கள். அதே வரிகளைக் கலைத்துப் போட்டுக் காட்டியபோது தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் இடையே இருந்த அந்த வேறுபாடு மறைந்துபோனது. சதுரங்க வல்லுநர்களிடமும் இதே போக்கு முன்பே காணப்பட்டிருந்தது. தேர்ந்தவர் தனித்தனி வரிகளைப் பார்ப்பதில்லை. பொருளுள்ள கொத்துகளைப் பார்க்கிறார்.

ஒரு கொத்தை இங்கேயே பார்க்கலாம். அ-வுக்கு 3, ஆ-வுக்கு 7 என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். புதியவர் பெரும்பாலும் முதலில் எழுதுவது இது:

அ = ஆ
ஆ = அ

முதல் வரியிலேயே அ-வின் 3 தொலைந்து 7 ஆகிவிட்டது. இரண்டாம் வரி அந்த 7-ஐயே ஆ-வுக்குத் திரும்பத் தருகிறது. முடிவில் இரண்டும் 7. சரியான வழி, அழியப்போகும் மதிப்பை மூன்றாவது பெயர் ஒன்றில் காப்பாற்றி வைப்பது:

இ = அ
அ = ஆ
ஆ = இ

புதியவருக்கு இது மூன்று வரி. பழகியவருக்கு 'இடமாற்று' என்ற ஒரே எண்ணம். மூன்று இடம் பிடித்தது ஒன்றாகச் சுருங்கும்போது, மிச்ச இடம் பெரிய சிக்கலை யோசிக்கக் கிடைக்கிறது. நிரலாக்கத்தில் தேர்ச்சி என்பது இத்தகைய கொத்துகள் மனதில் நூற்றுக்கணக்கில் சேர்வதுதான்.

வாசிக்கத் தெரிந்தபின் எழுத்து

கொத்துகள் எப்படிச் சேரும்? நிறைய எழுது, தானாக வரும் என்பது பழைய அறிவுரை. 2001-இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையிலான குழு 4 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 216 மாணவர்களுக்கு ஒரு நிரல் எழுதும் சோதனை வைத்தது. முதல் நிரலாக்கப் பாடத்தைப் படித்தவர்கள் அவர்கள். சராசரி மதிப்பெண் 110-க்கு 22.89. ஆசிரியர்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. மாணவர்களுக்குச் சிக்கலைத் தீர்க்கத் தெரியவில்லை என்று அப்போது பலரும் முடிவு கட்டினார்கள்.

ரேமண்ட் லிஸ்டர் குழுவினர் 2004-இல் வேறு கோணத்தில் கேட்டார்கள். 7 நாடுகளின் மாணவர்களிடம் எழுதச் சொல்லாமல், சிறு நிரல்களைக் கொடுத்து, இது என்ன விடை தரும் என்று கேட்டார்கள். கணிசமான மாணவர்களுக்கு அதுவே வரவில்லை. எழுதத் தடுமாறியதற்கு முன்னால் வாசிப்பிலேயே ஓட்டை இருந்தது. பிறர் எழுதிய ஐந்து வரி என்ன செய்யும் என்று சொல்ல முடியாதவர் தானே ஐந்து வரியை எழுதுவது எப்படி?

இங்கே ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரின் பணி கைகொடுக்கிறது. அவரும் கிரகாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதம் கற்பவர்களை ஆராய்ந்தார்கள். எல்லாக் கணக்கையும் தாமே போட்டுப் பார்த்தவர்களைவிட, செய்து காட்டிய கணக்குகளை ஊன்றிப் படித்தவர்கள், அதே வகைக் கணக்குகளைப் பின்னர் விரைவாகவும் குறைந்த பிழையோடும் போட்டார்கள். விடையைத் தேடுவதிலேயே நினைவு முழுவதும் செலவாகாததால், கணக்கின் அமைப்பைக் கவனிக்க இடம் கிடைக்கிறது. ஆனால் தேர்ச்சி ஏற ஏற இது தலைகீழாகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஓரளவு தெரிந்தபின்னும் செய்து காட்டியதையே பார்த்துக்கொண்டிருந்தால் வளர்ச்சி நிற்கும். தொடக்கத்தில் வாசிப்பு அதிகம், பிறகு எழுத்து அதிகம் என்ற வரிசை இதிலிருந்து கிடைக்கிறது.

பிரிட்டனில் சூ சென்டன்ஸ் முதலியோர் பள்ளிகளுக்காக வகுத்த முறை இதை ஐந்து படிகளாக்குகிறது. ஒரு சிறு நிரலை வாசித்து, அது என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல். பிறகு இயக்கிப் பார். ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று ஆராய். அதில் சிறு மாற்றம் செய். கடைசியில் அதே உத்தியால் சொந்தமாக ஒன்றை உருவாக்கு. நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸும் பாட்ரிஷியா ஹேடனும் 2006-இல் அறிமுகப்படுத்திய கலைந்த வரிப் பயிற்சியும் இதற்கு உதவும். சரியான நிரலின் வரிகளைக் கலைத்துத் தருவார்கள். ஒழுங்காக அடுக்க வேண்டும். எழுத்துப் பிழைகளோடு மல்லுக்கட்டாமல், ஒரு வரிக்குப் பின் எது வரும், ஏன் வரும் என்பதை மட்டும் யோசிக்கலாம்.

இவற்றில் எனக்கு மிக உயர்ந்ததாகப் படுவது முதல் படி. இயக்குவதற்கு முன் விடையைச் சொல்வது, அதையும் தாளில் எழுதி வைப்பது. மனதுக்குள் சொன்னது விடை வந்ததும் மாறிவிடும். 'நானும் அதைத்தான் நினைத்தேன்' என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். தாளில் எழுதியது மாறாது. மாறிகளின் பெயர்களை மேலே தலைப்பாக எழுதி, வரிக்கு வரி மதிப்பு மாறுவதைக் கீழே குறித்துக்கொண்டே வந்தால், நினைவின் சுமையையும் தாள் சுமக்கும். கணித்தது பொய்த்த இடம்தான் உங்கள் மனச்சித்திரம் கோணியிருக்கும் இடம். அதைக் காட்டித்தர ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. ஏன் பொய்த்தது என்று புரியாவிட்டால் பைத்தான் டியூட்டர் என்ற இலவசக் கருவி உண்டு. பிலிப் குவோ உருவாக்கியது. நிரலின் ஒவ்வொரு வரிக்கும் மாறிகளின் நிலையைப் படமாகவே வரைந்து காட்டும்.

மழைக் கணக்கு

வரிகள் புரிகின்றன, சொந்தமாக எழுத மட்டும் வரவில்லை என்ற கட்டம் அடுத்தது. இதற்கு ஒரு புகழ்பெற்ற கணக்கு இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சொலோவே 1980-களில் மாணவர்களுக்குக் கொடுத்தது. எண்களை ஒவ்வொன்றாக வாங்கு. 99999 வந்தால் நிறுத்து. அதுவரை வந்தவற்றின் சராசரியைச் சொல். மழையளவின் சராசரி என்ற வடிவில் இது பின்னர் பல நாட்டு வகுப்புகளுக்கும் போனது. பார்க்க எளிது, தவறவிட்ட மாணவர்கள் ஏராளம்.

பிரித்துப் பாருங்கள். கூட்டிக்கொண்டே வர ஒரு மாறி, அது 0-வில் தொடங்க வேண்டும். எத்தனை எண்கள் வந்தன என்று எண்ண இன்னொரு மாறி. 99999 வந்ததா என்று ஒவ்வொரு முறையும் சோதனை. அந்த 99999 கூட்டுத்தொகையில் சேர்ந்துவிடக் கூடாது, ஆகவே கூட்டுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். முதல் எண்ணே 99999 என்றால் எண்ணிக்கை 0. 0-வால் வகுத்தால் நிரல் உடையும், அதற்கும் தனிச் சோதனை. ஒவ்வொரு துண்டும் தெரிந்ததுதான். துண்டுகளை எந்த வரிசையில் கோப்பது என்பதில்தான் வழுக்குகிறது. புதியவர்களின் பிழைகளை 1986-இல் ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்போரரும் சொலோவேயும், மொழியின் விதி புரியாததைவிட இந்தக் கோப்புதான் பெரிய சிக்கல் என்று கண்டார்கள்.

எனவே சொந்தமாக எழுதத் தொடங்கும்போது மொழியை மறந்துவிட்டு, துண்டுகளைத் தமிழில் எழுதுங்கள்: கூட்டு, எண்ணு, நிறுத்து, வகு. வரிசையைத் தாளில் சரிபார்த்தபின் ஒரு துண்டை மட்டும் நிரலாக்கி இயக்குங்கள். அது சரியாக ஓடினால் அடுத்த துண்டு. ஐம்பது வரி எழுதி முடித்து ஒன்றாக இயக்கினால், பிழை எங்கே என்று தேட ஐம்பது இடம் இருக்கும்.

பிழைச்செய்தி வந்ததும் மிரள வேண்டாம். பைத்தானில் அதைக் கடைசி வரியிலிருந்து வாசியுங்கள்: என்ன வகைப் பிழை என்று அங்கே இருக்கும், எந்த வரியில் என்பது அதற்கு மேலே இருக்கும். அடையாளம் தெரியாத பெயர் என்று செய்தி வந்தால் பெரும்பாலும் எழுத்துப் பிழை. வகை பொருந்தவில்லை என்று வந்தால், எண்ணோடு எழுத்துச்சரத்தைக் கூட்ட முயன்றிருக்கலாம்.

பார்த்தது வேறு, படிந்தது வேறு

வீடியோவைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்யும்போது எல்லாம் புரிகிறது. மறுநாள் எதுவும் வருவதில்லை. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனை இதன் காரணத்தைக் காட்டுகிறது. மாணவர்கள் ஓர் உரைநடைப் பத்தியை இருமுறை படித்தார்கள். இன்னொரு பத்தியை ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்ததே முன்னணி: நினைவில் நின்றது 81 விழுக்காடு, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடம் நிலைமை மாறியிருந்தது: திரும்பப் படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. உடனடியாகக் கிடைக்கும் 'புரிந்துவிட்டது' என்ற நிறைவு நீண்ட நாள் நினைவுக்குச் சான்றில்லை.

நிரலாக்கத்துக்கு இதைப் பொருத்துவது எளிது. வீடியோவில் ஒரு நிரலைப் பார்த்தபின் அதை மூடிவிட்டு, வெற்றுக் கோப்பில் அதே நிரலை எழுதுங்கள். மாட்டிக்கொண்டால் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே அளவுகோல்தான். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் நடந்த ஆய்வு 2025-இல் வெளியானது. கேட்டதற்கெல்லாம் விடை தரும் கருவியை வைத்திருந்தவர்கள் பயிற்சியின்போது மற்றவர்களைவிட 48 விழுக்காடு நன்றாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு அமைத்த கருவியில் இந்தப் பின்னடைவு பெரும்பாலும் இல்லை. ஆகவே நிரலை எழுதித் தரச் சொல்லாதீர்கள். என் கணிப்பு ஏன் பொய்த்தது, எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

பிறவித் திறமையா?

'சிலருக்குத்தான் கோடிங் வரும்' என்ற பேச்சுக்கு ஒருகாலத்தில் ஆய்வின் ஆதரவும் இருந்தது. 2006-இல் பிரிட்டனின் சயீத் தேனாதியும் ரிச்சர்ட் போர்னாட்டும், 'அ = 5' போன்ற, மதிப்பளிக்கும் வரிகளைப் பற்றிய ஒரு வினாத்தாளை வைத்தே யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று முன்கூட்டிச் சொல்லலாம் என்றார்கள். அந்தக் கூற்று உலகம் சுற்றியது. 2014-இல் போர்னாட்டே அதைத் திரும்பப் பெற்றார். கனடாவில் எலிசபெத் பட்டிட்சாஸ் குழுவினர் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் 778 கணினிப் பாட மதிப்பெண் பட்டியல்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். 'வருபவர், வராதவர்' என்று இரண்டாகப் பிளந்த வடிவம் 5.8 விழுக்காட்டுப் பட்டியல்களில் மட்டுமே தெரிந்தது.

கணக்கில் புலியாக இருந்தால்தான் முடியும் என்பதும் ஆட்டம் கண்டிருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாந்தேல் பிராட் குழு 2020-இல் 36 பேர் பைத்தான் கற்பதை அளந்தது. யார் எவ்வளவு விரைவாகக் கற்றார்கள் என்பதை விளக்குவதில் எண்திறனின் பங்கு சிறிது. புதிய மொழியைக் கற்கும் திறனின் பங்கு அதைவிடப் பெரிது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணை நினைத்து ஒதுங்கி நிற்பவர்களுக்கு அது தெம்பு தரும்.

ஆங்கிலம் குறித்த அச்சத்துக்கும் இடமில்லை. பைத்தான் தன் கட்டளைகளுக்கென ஒதுக்கிவைத்த ஆங்கிலச் சொற்கள் 35 மட்டுமே. விளக்கங்களைத் தமிழில் படிக்க 2012-இல் தொடங்கிய கணியம் இதழும் அதன் இலவச மின்னூல்களும் இருக்கின்றன. கட்டளைகளையே தமிழில் எழுத முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியும் உண்டு. லூப் என்றால் என்ன என்பது எந்த மொழியில் புரிந்தாலும் புரிந்ததுதான்.

மொழியைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் செலவிடாதீர்கள். பைத்தானை எடுங்கள், அல்லது அருகில் உதவ ஆள் இருக்கும் மொழியை எடுங்கள். எடுத்ததை நடுவில் மாற்றாதீர்கள். நாள்தோறும் ஒரு சிறு நிரலை வாசியுங்கள். அது தரும் விடையை இயக்குமுன் தாளில் எழுதுங்கள். தவறினால் காரணத்தைக் கண்டுபிடித்து, ஒரு வரியை மாற்றி, மறுபடி கணியுங்கள். கணிப்புகள் பெரும்பாலும் பலிக்கத் தொடங்கியதும் வாசிப்பைக் குறைத்து எழுத்தைக் கூட்டுங்கள். இந்தப் பயிற்சிக்குப் பணம் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். தாளும் பேனாவும், சலிக்காமல் ஒவ்வொரு கணிப்பையும் சரிபார்த்துத் தரும் கணினியும் போதும். இன்றைக்கே ஒரு நிரலில் தொடங்குங்கள்.